நடிகையின் பெயரால் நான் சொன்ன இரண்டு பொய்கள்

ஒரு நடிகையின் அறக்கட்டளையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். அதனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எந்த அலுவலகத்துக்குப் போய் எதைக் கேட்டாலும், பதில் வருவதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும். ரேஷன் கார்டு மனுவோடு தாலுகா ஆபீசில் நின்றாலும் சரி, விரல் நசுங்கிய தொழிலாளியோடு ஆஸ்பத்திரியில் நின்றாலும் சரி, எதிரே இருப்பவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்பார்: “அவிய நேர்ல பாக்க எப்பிடி இருப்பாவ?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே என் பாதி வேலையை முடித்திருக்கிறேன். ‘படத்தில் பார்ப்பதைவிடக் கொஞ்சம் குள்ளம்’ என்றால் மனு ஒரு மேஜை நகரும். ‘காபிக்குச் சர்க்கரை போட மாட்டார்’ என்றால் இன்னொரு மேஜை. நடிகையால் ஏழைகளுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களிடம் நான் சண்டைக்குப் போவதே இல்லை. அவர்கள் தாலுகா ஆபீசில் நின்றதில்லை, அவ்வளவுதான்.

மேடம் பிறந்தது ஒடிசாவில். தமிழில் அத்தனை படம் நடித்தும் ஒன்றில்கூட அவர் சொந்தக் குரலில் பேசியதில்லை. சென்னையில் வேறொரு பெண் அவருக்காகப் பேசினார். ஒரு படத்தில் மேடம் ராஜபாளையத்து மில் பெண்ணாக நடித்தபோது, குரல் கொடுத்த அந்தப் பெண் நம் ஊர்ப் பேச்சை அப்படியே பேசியிருந்தார். அதோடு மேடம் நம்ம ஊர்ப் பொண்ணாகிவிட்டார். டீக்கடைச் சுவரிலும் ஆட்டோவின் முதுகிலும் அவர் படம். கீழே ‘எங்க ஊரு ராணி’.

அந்தப் படத்தின் ஷூட்டிங் ஒரு மில் வாசலில் நடந்தது. ஷிப்ட் முடிந்து வெளியே வந்த பெண்கள் சிலர் பேசிக்கொண்டு போனது மேடத்தின் காதில் விழுந்திருக்கிறது. தன் அம்மா பேசுகிற அதே ஒடியாப் பேச்சு. ஓடிப்போய் அவர்களை நிறுத்திப் பேசினார். அவர்களுக்கு இவர் யாரென்று தெரியவில்லை. மில் வேலை, லைன் வீடு, தூக்கம் என்று இருந்தவர்கள் தமிழ்ப் படத்தை எங்கே பார்த்தார்கள்? முதலாளி வீட்டுக்கு வந்த விருந்தாளி என்று நினைத்து, லைன் வீட்டில் குழாயில் தண்ணீர் வருவதில்லை என்றும், வெளிமாநிலத்துப் பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுக்கிறார்கள் என்றும் முறையிட்டார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு டைரக்டருக்குத் தொண்டை கட்டியது. மேடம் அரைமணி நேரம் நின்று கேட்டார். நம்முடைய அறக்கட்டளை அப்படிப் பிறந்ததுதான்.

அதற்குப் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. மந்திரிகளைப் பார்த்தார், பத்திரிகைகளில் பேசினார். வேலைக்கு வந்த குடும்பத்துக்கு வந்த ஊரிலேயே ரேஷன் கொடுங்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேருங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஊரும் கைதட்டிக்கொண்டே இருந்தது. கைதட்டியவர்களே தெருவில் அந்தத் தொழிலாளிகளைப் பார்த்தால் ‘வடக்கன்’ என்றார்கள். ஒரிசாக்காரி ராணி, ஒரிசாக்காரன் வடக்கன். இதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

எங்களுக்கும் ஒரு பெருமை இருந்தது. லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் நாங்கள் நடத்திய விளையாட்டுப் பள்ளி. அங்கே இருந்த ஆயா உள்ளூர்க்காரர். ஆறே மாதத்தில் ஒடிசாப் பிள்ளைகள் ‘வாரேன், போறேன்’ என்று பேச ஆரம்பித்துவிட்டன. பார்வையிட வருகிறவர்கள் முன்னால் ஐந்து வயது மீனுவைக் கூப்பிட்டு நிறுத்துவேன். “சோறு தின்னுட்டியளா?” என்று அவள் கேட்டதும் வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். நான் அடக்கமாகச் சிரித்துக்கொள்வேன். அந்தப் பெருமை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் ஒரு கல்யாண மண்டபம். அங்கே மேடம் தலைமையில் கூட்டம். தொழிலாளர் குடும்பங்களின் கோரிக்கையை அதிகாரிகளிடம் பொதுவில் கொடுப்பதாக ஏற்பாடு. சென்னையிலிருந்து மேடத்தின் மேனேஜர் தேதி கொடுத்தார். பார்த்தால் புரட்டாசி சனிக்கிழமை. ஊருக்குப் பக்கத்துக் குன்றில் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாளைக் கும்பிடச் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வந்து இறங்கும் நாள். “அன்றைக்கு வேண்டாம் சார், ஊரே நெருக்கடியாக இருக்கும்” என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். “கூட்டம் தானா வரும்னா நல்லதுதானேம்மா?” என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். உங்களுக்குத் தெரிந்ததை ஒரு தடவை சொல்லிவிட்டுக் கடமை முடிந்ததென்று நினைக்காதீர்கள். மூன்று தடவை சொல்லுங்கள். எரிச்சல்படட்டும்.

மீனு மேடையில் வரவேற்புப் பாட்டுப் பாடவேண்டும். அவள் அம்மாவுக்கு அன்று காலை ஷிப்ட். அப்பா ரஞ்சன் அவளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தார். ரஞ்சனுக்குத் தமிழ் வராது. மில் சொல்லிக்கொடுத்த நாலைந்து வார்த்தைதான்: தண்ணி, நூலு, சூப்பர்வைசர், லேட் ஆச்சு.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் மீனு பால்கோவாக் கடையைப் பார்த்துவிட்டாள். வேண்டும் என்றாள். நேரமாகிவிட்டது என்று அப்பா கையைப் பிடித்து இழுத்தார். அவள் தரையில் உட்கார்ந்து, ஆயா சொல்லிக்கொடுத்த சுத்தமான தமிழில் கத்தினாள்: “ஒங்கூட வரமாட்டேன் போ! விடு என்னைய!”

பட்டுப்பாவாடை கட்டிய தமிழ்ப்பிள்ளை. அதை இழுத்துக்கொண்டு போகிறான் தமிழ் தெரியாத ஒருவன். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக அந்த வாரம் முழுவதும் போன்களில் வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. மகாராஜபுரத்திலிருந்து ஆட்களை ஏற்றிவந்த வேன் டிரைவர் ஒருவர் குனிந்து கேட்டார்: “ஏட்டி, இவன் ஒனக்கு யாரு?”

கோபத்தில் இருந்த மீனு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: “தெரியாது!”

முதல் அடி அந்த டிரைவர் அடித்தது. பிறகு யார் யாரோ.

பஸ் ஸ்டாண்டு வாசலில் பூ விற்கும் அம்மாதான் மீனுவை வாரித் தூக்கிக்கொண்டு எனக்குப் போன் செய்தார். ஒரு காலத்தில் நான் அவர் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். “டீச்சர், ஒங்க வடக்கத்தி ஆளு ஒருத்தன அடிச்சே கொன்னுருவானுவ போலிருக்கு. வெரசா வாங்க!”

மண்டப வாசலில் சப்-இன்ஸ்பெக்டர் நின்றார். கோவில் பாதுகாப்புக்குப் போனது போக ஊரில் மிச்சமிருந்த போலீஸ் எல்லாம் அங்கே, மேடத்துக்காக, இரண்டு வரிசையாக நின்றது. விஷயத்தைச் சொன்னேன்.

“அம்மா, மேடம் வர நேரம். லைன விட்டு ஆள எடுத்தா எனக்கு மெமோ வரும். ஸ்டேஷனுக்குச் சொல்லி அனுப்புதேன்.”

“அதுவரைக்கும் உயிரு இருக்கணுமே சார்?”

அவர் வயர்லெஸ்ஸை எடுத்தார். ரஞ்சனுக்காகக் குரல் கொடுக்க வரும் ஒருவரின் பாதுகாப்புக்காக ரஞ்சனைக் காப்பாற்ற ஆள் இல்லை. இதை யோசித்துச் சிரிக்க எனக்குப் பிறகு நிறைய நேரம் கிடைத்தது. அப்போது ஓடினேன்.

ஓடும்போதே மூன்று யோசனை. மேடத்தின் காரை நேராக பஸ் ஸ்டாண்டுக்கு வரச்சொல்லலாம். கார் இன்னும் ஊருக்கு முன்னாலுள்ள கிருஷ்ணன்கோவிலைத் தாண்டவில்லை. அவர் வந்து இறங்கினால் அந்த நெரிசலில் எத்தனை பேர் மிதிபடுவார்கள் என்று தெரியாது. இரண்டாவது, உண்மையைச் சொல்வது. அதைத்தான் முதலில் செய்தேன். கூட்டத்துக்குள் புகுந்து, “அவருதான் அந்தப் பிள்ளைக்கு அப்பா! விடுங்க, எனக்குத் தெரியும்!” என்று கத்தினேன்.

“இந்தம்மாவும் கூட்டாளியா இருக்கும்” என்றது ஒரு குரல்.

ரஞ்சன் தரையில் கிடந்தார். நெற்றி கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் வடிந்தது. பூக்காரம்மா இடுப்பில் இருந்த மீனு இப்போது “அப்பா! அப்பா!” என்று அலறிக்கொண்டிருந்தாள். “பாவம், பிள்ள அப்பனத் தேடுது” என்று சொல்லி ஒருவன் இன்னொரு மிதி மிதித்தான்.

மூன்றாவது யோசனைதான் மிச்சம். இத்தனை வருஷம் அலுவலகம் அலுவலகமாக எனக்குக் கதவு திறந்துவிட்டது எது என்று தெரியும். பூக்கடை ஸ்டூல் மேல் ஏறினேன். இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

“அவிய வந்துட்டாவ! மண்டபத்து வாசல்ல கார விட்டு எறங்குதாவ!”

ஓங்கிய செருப்பு ஒன்று அந்தரத்தில் நின்றது. “யாரு?” என்றான் செருப்புக்காரன்.

“யாரா? சுவரெல்லாம் ஒட்டிருக்கே, பாக்கல? போட்டோ எடுக்க விடுதாவளாம். வெரசா போங்க!”

போனார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிள்ளை பிடிக்கிறவனை அப்படியே தரையில் போட்டுவிட்டு, பிடிபட்ட பிள்ளையையும் மறந்துவிட்டு, ஒரிசாக்காரியைப் பார்க்க ஓடினார்கள். வேன் டிரைவர் கையில் ரஞ்சனின் சட்டைப் பை கிழிந்து வந்திருந்தது. அதைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் கையில் பிடித்தபடியே ஓடினார்.

உங்களில் சிலர் இதைக் கேட்டுவிட்டு ‘அருமையான சமயோசிதம்’ என்பீர்கள். உங்களுக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் கூட்டம் திரும்பிய வேகத்தில் பூக்காரம்மா இடிபட்டு விழுந்தார். மீனுவின் தலை தரையில் மோதாமல் கையை அடியில் கொடுத்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மூன்று மாதம் அவரால் பூக் கட்ட முடியவில்லை. அவரை விழவைத்தது என் குரல். வேறு வழி இருந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன். கிடைக்கவில்லை. அதற்காக அந்தக் கை முறியாமல் போய்விடாது.

ஆட்டோவில் ஏற்றும்போது ரஞ்சன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். தெரிந்த தமிழில் கேட்டார்: “லேட் ஆச்சு?” பிள்ளையின் பாட்டுக்கு நேரமாகிவிட்டதே என்ற கவலை அவருக்கு.

அவர்களை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மண்டபத்துக்குத் திரும்பினேன். மேடம் வந்துவிட்டிருந்தார். பாத்திரங்கள் அடுக்கியிருந்த அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். வெளியே கூட்டம் கேட்டை உலுக்கிக்கொண்டிருந்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் என் சேலையில் இருந்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மேனேஜர் பதறினார். “மேடம், இத மேடையில தொடாதீங்க. நல்ல விஷயமா நாலு பேசிட்டு கிளம்பிடலாம்.”

மேடம் என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. பேசணுமா?”

இந்த இடத்தில் நான் வீரமாக ஏதோ சொன்னேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நான் சொன்னது: “வேண்டாம் மேடம். கோபத்தை லைன் வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டால் தாங்க மாட்டோம்.” பயந்துவிட்டேன். அனுபவம் என்று நாம் சொல்லிக்கொள்வது பல சமயம் பயம்தான்.

மேடம் மேடையேறினார். விசில் கூரையைத் தூக்கியது. அவர் மனப்பாடம் செய்துவந்த தமிழ்ப் பேச்சுத் தாளைக் கையிலேயே மடித்து வைத்துக்கொண்டார். “வணக்கம்” என்று ஆரம்பித்ததும் சலசலப்பு. சொந்தக் குரல்; கொஞ்சம் தடித்த, கரகரத்த குரல். அவர்கள் அறிந்த குரல் இது இல்லை. மில் பெண்ணின் வசனத்தைப் பேசச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள்.

“அது நான் பேசல. வேற பொண்ணு பேசுச்சு. இதுதான் என் குரல்” என்றார். “இப்போ பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர அடிச்சாங்க. சொந்தப் பிள்ளைய கூட்டிட்டு வந்தவர். தமிழ் தெரியாது. என்னை மாதிரி. அவர் பேச்சு, என் பேச்சு. அவர் ஊரு, என் ஊரு.”

விசில் நின்றது. புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு ரசிகர் நெஞ்சில் கைவைத்துக் கத்தினார்: “தலைவி! நீங்க வேற, அவனுவ வேற!”

இடி மாதிரிக் கைதட்டல்.

“வேற இல்ல” என்றார் மேடம். “ஒண்ணுதான்.” அதையும் வசனம் என்று நினைத்து விசில் அடித்தார்கள்.

அர்த்தம் புரிய இரண்டு நாள் ஆயிற்று. புரிந்ததும் ‘எங்க ஊரு ராணி’யின் மேல் சாணியடித்தார்கள். இங்கே சம்பாதித்துவிட்டு இங்குள்ளவர்களையே குறை சொல்கிறாள் என்றார்கள். ராணி ஒரே வாரத்தில் வடக்கத்தியானார். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. “இப்போதான் சரியா சொல்றாங்க” என்று போனில் சிரித்தார். நான் பயந்தபடியே இரண்டு குடும்பங்களை வீட்டுக்காரர்கள் காலி செய்யச் சொன்னார்கள். ஆனால் மந்திரிகளைப் பார்த்தபோதெல்லாம் நகராத கோரிக்கை, இந்தக் கலாட்டாவுக்குப் பிறகு நகர்ந்தது. பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்தார்கள். அப்பாக்களுக்கான தமிழ் வகுப்பும், பிள்ளையோடு சேர்த்துப் படம் ஒட்டிய அடையாள அட்டையும் அதன் பிறகு நாங்கள் ஆரம்பித்தவை. பிள்ளைகளுக்குப் பேச்சைக் கொடுத்துவிட்டு அப்பாக்களை ஊமையாக விட்டுவைத்தது எங்கள் தவறு. அடி வாங்கியது ரஞ்சன்.

இரண்டாவது பொய்யைச் சொல்லவில்லையே.

கூட்டம் முடிந்த கையோடு மேடம் ஆஸ்பத்திரிக்குப் போனார். ரஞ்சனிடமும் பூக்காரம்மாவிடமும் வெகுநேரம் இருந்துவிட்டுச் சாயங்காலமே சென்னைக்குக் கிளம்பிவிட்டார். மறுநாள் மத்தியானம் ரஞ்சனின் கட்டிலருகே நான் இருந்தபோது, ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக ஒருவர் வாசலில் தயங்கி நின்றார். வேன் டிரைவர். அவரைப் பார்த்ததும் மீனு கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் ஒளிந்துகொண்டாள்.

“மேடம் இங்கன வாராவன்னு சொன்னாவ. உள்ளதா?”

சப்-இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்திருக்கலாம். அடித்தவர்கள் யாரென்று தெரியவில்லை என்றுதான் அவர் வழக்கு எழுதியிருந்தார். போன் கையில்தான் இருந்தது. ஏனென்று தெரியவில்லை, வேறு ஒன்று சொன்னேன்.

“வருவாவ. செத்த நேரம் உக்காருங்க.”

ஸ்டூலைக் காட்டினேன். ரஞ்சனின் முகத்துக்கு நேரே போட்டிருந்த ஸ்டூல். மூக்கில் பஞ்சு, வீங்கிய கண், தையல் போட்ட நெற்றி. டிரைவர் முதலில் ஜன்னலைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். பார்க்க வேறொன்றும் இல்லாமல் போனதும் ரஞ்சனைப் பார்த்தார். ரஞ்சனுக்கு அவர் யாரென்று நினைவிருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாளும் வந்தார். ரஞ்சனால் தானாக எழுந்திருக்க முடியாதபோது தோளைக் கொடுத்து நடத்திக்கொண்டு போனார். மூன்றாம் நாள் வந்து உட்கார்ந்ததும் என்னிடம் கேட்டார்: “அவிய வரமாட்டாவல்ல?”

“இல்ல. அன்னைக்கே ஊருக்குப் போயிட்டாவ.”

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. மீனுவுக்கு ஒரு ஆப்பிளைக் கொடுத்தார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

“பாப்பா, ஒங்க அப்பாட்ட சொல்லு. மொத அடி அடிச்சது நாந்தான்னு.”

மீனு திரும்பி அப்பாவிடம் ஒடியாவில் ஏதோ சொன்னாள். ரஞ்சன் டிரைவரைப் பார்த்தார். பிறகு பேச ஆரம்பித்தார். குரல் உயரவில்லை. ஆனால் நிற்கவும் இல்லை. அந்த மனிதர் இவ்வளவு பேசுவார் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பேசி முடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

“என்ன சொன்னாவ?” என்றார் டிரைவர்.

மீனு ஆப்பிளைக் கடித்தாள். “தெரியுமாம்.”

“அம்புட்டுதானா? எம்புட்டு நேரம் பேசுனாவ!”

“மிச்சமெல்லாம் ஒங்களத் திட்டுனாவ.”

டிரைவர் ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஒண்ணு விடாம சொல்லுட்டி. கேக்கேன்.”